செல்வராசுவாகப் பிறந்து சுலைமானாக அடங்கிய அண்ணனுக்கு

என் பிரியமான அண்ணே,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. விராலிமலை வீட்டில் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள், வாயில் வைப்பதில்லை.

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளான்ட்டுக்கு வேலைக்குப் போன செல்வராசு, சுலைமானாகத் திரும்பி வந்த நாளை நினைக்கிறேன். "எங்க கும்புட்டா என்னப்பா, நான் ஒங்க மகன்தானே?" என்றாய். அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அம்மா கதவைச் சாத்தினாள். "தொழுகையில மொதலாளியும் மூட்டை தூக்குறவனும் ஒரே வரிசையில நிக்கிறாக தங்கச்சி. அங்க நின்னப்பதான் மனசு அடங்குச்சு" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

மதரஸாவில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரபி எழுத்துப் படித்தாய். பிறகு பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய்ப் பயான் பேசினாய், மார்க்கத்தை எடுத்துச் சொன்னாய். வயக்காட்டுத் தமிழில் நீ பேசினால் தெருவில் போகிறவர்களும் நின்று கேட்பார்களாம். ஒரு கூட்டத்தில், நீ விட்டு வந்த மதத்தைக் கேலி செய்து பேசச் சொன்னார்களாமே? "அங்கிட்டு இருக்கது எங்க அம்மா. அவுகளப் பத்தி என்னத்தப் பேசச் சொல்றீங்க?" என்று மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டாய். அவர்கள் உன்னை மறுபடி அழைக்கவே இல்லை. இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை அண்ணே?

பெருநாளைக்குப் பெருநாள் வந்து கதவைத் தட்டினாய். அம்மா திறக்கவில்லை. அப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுக்க வந்தாய். "நீ தொடக் கூடாதுடா" என்று பெரியப்பா மறித்தார். நீ சண்டை போடவில்லை. சுடுகாடு வரைக்கும் கடைசி ஆளாக நடந்து வந்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை பயானுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மைமூன் அண்ணி போனில் அழுததும், எங்களுக்கு முன்னால் வேனில் ஏறியவள் அம்மாதான்.

அம்மா வரட்டும் என்று ஜமாஅத்தார் காத்திருந்தார்கள். வெள்ளைத்துணியில் உன் முகத்தைப் பார்த்ததும், "செல்வராசு, கதவத் தட்டுனியேய்யா, தொறக்காமப் போனேனே" என்று விழுந்தாள். "சுலைமான்னு சொல்லுங்கம்மா" என்றார் ஒருவர். அங்கிருந்த பெரியவர் அவரைத் தடுத்தார். "பெத்தவுக வச்ச பேருப்பா. கூப்புடட்டும், விடு."

தூக்குகிற நேரத்தில் நம் தம்பி குமார் ஒதுங்கி நின்றான். "தம்பி, நீங்க முன்னால வாங்க" என்று கையைப் பிடித்து, உன்னை வைத்திருந்த சந்தூக்கை அவன் தோளில் வைத்தார்கள். பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்?

உன் மகள் ஆயிஷா புதுக்கோட்டைக் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். நம் வீட்டிலிருந்துதான் போய் வருகிறாள். "இனியாச்சும் புள்ளய நம்ம பக்கம் கொண்டாந்துருவோம்" என்றார் பெரியப்பா. அம்மா பல நாள் கழித்துச் சத்தமாகப் பேசினாள்: "அவ அவுக அப்பன் வளத்த புள்ள. அப்புடியே இருக்கட்டும்." அன்று சாயங்காலம் ஆயிஷாவிடம், "நோன்பு தொறக்க ஒனக்கு என்னடி செஞ்சு தரணும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே அழுதாள். அந்த ஒரு வார்த்தையை உன்னிடம் கேட்டிருக்கலாமே அண்ணே.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் பிள்ளை நம் வீட்டில் எதையும் மறைத்து வாழ வேண்டியிருக்காது. அவள் தொழும்போது யாரும் குறுக்கே வராமல் நான் பார்த்துக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
வள்ளி