எழுபத்திரண்டாம் மீட்டரில்

நெய்வேலி,
வியாழன் மாலை

அன்புள்ள தம்பி இனியனுக்கு,

அக்கா மணிமொழி எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீ வெயிலில் மயங்கி விழுந்ததை அங்கிருந்து லீவில் வந்த தனகோட்டி சொன்னான், அம்மாவுக்குத் தெரியாது. நாளை கத்தாருக்குத் திரும்பும் அவன் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார்.

வயல் மேட்டில் கட்டப்போகும் வீட்டுக்குக் கம்பி, சிமெண்ட் எதுவும் இப்போது கடையில் சொல்லிவைக்காதே.

நான் இங்கே கான்ட்ராக்டில் பார்க்கும் வேலை உனக்குத் தெரியும். பூமியில் துளை போட்டு எடுத்த மண்ணும் பாறையும் உருளை உருளையாகத் தட்டுகளில் வரும். எந்த ஆழத்தில் எந்த அடுக்கு என்று அளந்து எழுதவேண்டும். திங்கட்கிழமை வந்த தட்டில் நம் வயலின் சர்வே எண் இருந்தது. நடவுக்கு முன்னால் வயலோரம் மெஷின் வந்தபோது, தண்ணீர் பார்க்கிறார்கள் என்று தானாகவே நினைத்துக்கொண்டு அப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரே, அந்தத் துளைதான்.

மேலே நம் களிமண், ஒரு கை நீளம். அதற்குக் கீழே செம்மண், மஞ்சள் மணற்பாறை, வெள்ளைக் களி, மறுபடி மணல். கோடு கிழித்ததுபோல ஒன்றின் கீழ் ஒன்று. எழுபத்திரண்டாம் மீட்டரில் கருப்பு தொடங்கியது. தட்டை மாற்றி மாற்றி வைத்தேன்; எண்பத்தாறில்தான் முடிந்தது. ஈர நிலக்கரியில் மர நார்கூடத் தெரிந்தது. இவ்வளவு கனம் இருந்தால் சுரங்கத்துக்கு நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். பதினான்கு மீட்டரை நான்கு என்று எழுதிவிடலாமா என்று தோன்றியது. பக்கத்துத் துளை காட்டிக்கொடுத்துவிடும். உள்ளதையே எழுதினேன்.

எங்கள் உமாராணி மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஒரு துளையை வச்சு எதுவும் முடிவாகாது மணி. ஆனா இங்க பார்த்தது இங்கயே இருக்கணும்" என்றார்.

இருக்க முடியவில்லை தம்பி. பஸ்ஸில் உட்கார முடியாமல் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "கீழ இன்னா இருந்தா இன்னாடி? எங்கப்பன் அடுத்தவன் வயல்லயே உழுதுகினு இருந்து செத்தான். நான் என் மண்ணுல நின்னுகினு இருக்கேன்" என்றார்.

இன்று காலையில் மண்வெட்டிச் சத்தம். ஆள் வைக்காமல் அவரே அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார். தடுக்கத்தான் போனேன். அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்ததும், சட்டியை எடுத்து மண்ணை வாரிக் கொட்டினேன். இடுப்பளவு ஆழம் வந்ததும் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னதை மேடத்திடம் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. நாளையிலிருந்து தட்டு கழுவும் வேலை, அளக்கும் இடத்துக்கு வரவேண்டாம் என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நீ அப்பாவிடம் பேசு. வீட்டைப் பற்றி எடுத்ததுமே கேட்காதே. மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேள். கட்டலாமா, நிறுத்தலாமா என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயிர் பால் பிடித்திருக்கிறது. லீவு கேட்டு அறுப்புக்கு வந்துவிடு. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் எழுதிவிடாதே, சாமி.

நீ நல்லா இருக்கணும்.

உன் அக்கா,
மணிமொழி