சித்தியின் சத்தியக் கடதாசி

மாசி 9, திங்கள்

மைனஸ் பதினெட்டு. பஸ் வரவில்லை, வேலை செய்யும் கடைக்கு நடந்தே போனேன். நூற்றைம்பது ரோல்ஸ் பொரித்தேன். தலைமயிர்கூட எண்ணெய் மணம்.

வானொலியில் அந்தச் சட்டமூலம். சின்ன வயதில் வந்து, விசா முடிந்து, பேப்பர் இல்லாமல் இங்கேயே வளர்ந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழியாம். என்னைத்தான் சொல்கிறார்கள். ஏழு வயதில் ஊரிலிருந்து சித்தியோடு இங்கே வந்தேன், இப்போது இருபது. கடைக்கார அண்ணை, "உதெல்லாம் எலெக்ஷனுக்குச் சொல்லுற கதை" என்று வானொலியை நிறுத்திவிட்டார். என் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்துவிட்டதோ என்று பின்னேரம் முழுக்க அவர் கண்ணில் படாமல் அடுப்படியிலேயே நின்றேன்.

மாசி 11, புதன்

சட்டம் வந்தால் உடனே விண்ணப்பிக்க லோயர் கேட்டவை: பழைய பாஸ்போர்ட். ஊசி போட்ட அட்டை. பள்ளிக்கூட ரிப்போர்ட், எல்லா வருஷமும்.

ரிப்போர்ட்டில்தான் கோளாறு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேள்வி வரும் என்று பயந்து, சித்தி என்னைத் தன் மகள் என்று எழுதிவிட்டார். அப்பாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் சித்தப்பாவின் பெயர். பதினொரு வருஷம் படித்தது வேறு யாரோ.

இனி சித்தி சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டுமாம். இவள் என் மகள் இல்லை, பொய் எழுதியது நான்தான் என்று.

மாசி 12, வியாழன்

சித்தப்பா முடியாது என்கிறார். "உவளுக்குப் பேப்பர் எடுக்கப் போய் எங்கடை சிற்றிசன்ஷிப் போனா?" அறைக்குள் சித்தியிடம்தான் சொன்னார். சுவர் மெல்லிசு. கோபம் வரவில்லை, எனக்கும் அதே பயம்தான். சித்தி அடுப்பில் வைத்துவிட்டுப் போன பருப்பு அடிப்பிடித்தது.

மாசி 17, செவ்வாய்

சித்தி வேலைக்கு லீவு. சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. லோயரின் அறையில் அவருக்கு உதவியாகத் தமிழ்ப் பெட்டை ஒருத்தி. சத்தியம் செய்வித்துவிட்டுச் சித்தியைக் கேட்டாள், "இவ உங்களுக்கு என்ன முறை?"

"மகள்."

வெளியாட்களிடம் சொல்லிச் சொல்லி ஊறிய பழக்கம். சத்தியம் செய்த வாயால் திரும்பவும் பொய்!

"அக்காவின்ரை மகள் எண்டு சொல்லுங்கோ, சித்தி" என்றேன். வெளியாட்களுக்கு முன்னால் அவரை அம்மா என்றே கூப்பிட்டு வந்தவள் நான். முகத்தைப் பார்க்க முடியவில்லை. திருத்திச் சொன்னார். கையெழுத்து வைத்தார்.

மாசி 19, வியாழன்

பனி. சட்டமூலத்துக்கான வாக்கெடுப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். எப்போது என்று இல்லை. சட்டம் வராமலே போனாலும் போகலாம். கடதாசி லோயரிடம். சித்தியின் பெயர், விலாசம், பொய், எல்லாம் அதில். ஐயோ, ஏன்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

நாலு மணிக்கு வாசல் பெல் அடித்தது. வழக்கமாக, பிடித்துக்கொண்டு போக வந்தவர்களோ என்று நான்தான் அசையாமல் இருப்பேன், சித்தி போய்த் திறப்பார். இன்று அவரும் எழும்பவில்லை.