பூதம் எந்தக் கலரிலும் இருக்கலாம்

மே 11

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

ஒல்லி எழுதுகிறேன். பிள்ளை பெற்று ஆறு வருஷம் ஆனபிறகும் இந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள் நீதான். அதற்காகவாவது நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். குட்டி அந்தப் பச்சை அங்கியைக் கழற்றவே மாட்டேன் என்று பஸ்ஸில் ஒரே அடம். பக்கத்து சீட்டுக்காரர் "நீ யாரும்மா?" என்று கேட்டார். "காற்றரசி. பாத்தா தெரியலையா?" என்றாள். பாவம், அவர் சாரி கேட்டார். அது எங்கள் ஹால் ஜன்னலின் திரைத்துணி என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் இவருக்கும் இன்னும் தெரியாது. ஜன்னல் மொட்டையாக நிற்கிறது. துவைக்கப் போட்டிருக்கிறேன் என்று சமாளித்து வருகிறேன்.

காமிக்ஸ் கண்காட்சியில் அத்தனை பெண்பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்கு நம் பழைய கதைதான் ஞாபகம் வந்தது. பதினாலு வயதில் நாம் இரண்டு பேரும் ஆம்பளைப் பெயரில் வாசகர் கடிதம் எழுதி, காற்றரசிக்குப் பலம் அதிகமா, கல்பூதத்துக்கா என்று மாசக்கணக்கில் அச்சிலேயே அடித்துக்கொண்டோமே. நேரில் பார்த்தபோது நீ, "அடிப்பாவி, நீயும் பொண்ணா?" என்றாய். எங்கள் தெருமுனைப் புத்தகக் கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "தம்பிக்கா மேடம்?" என்றுதான் கேட்கிறார்.

நீ எடுத்து அனுப்பிய போட்டோ அருமை. இணையத்தில் உன் காமிக்ஸ் செய்திப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடு. இவருக்கும் சம்மதம். பெயர் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். வேறொன்றும் இல்லை, சும்மா ஒரு பயம். என் சுபாவம் உனக்குத் தெரியும், கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான்.

உன்
ஒல்லி


மே 19

அடி ஒல்லி,

உட்கார்ந்துகொண்டு படி. புதுக் காற்றரசி வருகிறாள். பழையவள் விலகிக்கொள்கிறாள், அங்கி ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கைக்குப் போகிறது. அந்தப் பெண் கறுப்பு. மாநிறம் கீநிறம் என்று மழுப்பல் எல்லாம் இல்லை, நம்மை மாதிரி நல்ல கறுப்பு. பதிப்பகத்தில் வண்ணம் தீட்டுகிற பெண் என் காதில் போட்டாள். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு நேற்று சாயங்காலம் செய்தியைப் போட்டேன். ஊரில் எல்லாருக்கும் முன்னால் நான்.

மேலே போடப் படம் வேண்டுமே, அட்டைப்படம் இன்னும் வரவில்லை. குட்டியைப் போட்டேன். இடுப்பில் கைவைத்து மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே, அதுதான். அடியில், "காற்றரசி ஏற்கெனவே வந்துவிட்டாள்" என்று ஒரே வரி. எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

கமெண்ட் எதையும் படிக்காதே. வழக்கமான கூட்டம் வந்து கத்திக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் நீக்கித் துடைக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். குட்டிக்குக் கன்னம் வலிக்கிற மாதிரி ஒரு முத்தம்.

உன்
புட்டி


மே 23

அன்புள்ள புட்டி,

படிக்காதே என்றாய். படித்தேன். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் டோக்கன் கொடுத்துக்கொண்டே, மேசைக்கு அடியில் போனை வைத்து ஒன்று விடாமல் படித்தேன். உள்ளே யாருக்கோ பல்லைக் குடைகிற சத்தம். காத்திருந்த பெரியவர் ஒருவர், "என்னம்மா, உனக்குமா பல்வலி?" என்று கேட்டார்.

"அடுப்புக்கரிக்கு அங்கி எதுக்கு." "எங்க காற்றரசியை விட்டுடுங்கடா." அதுகூடப் போகட்டும். ஒருவன் என் பிள்ளையின் முகத்துக்கு மட்டும் வெள்ளையடித்துப் போட்டிருக்கிறான். கழுத்து அவள் கழுத்து, கை அவள் கை, முகம் மட்டும் பால் மாதிரி. "இப்பதான் சரியா இருக்கு" என்று கீழே எழுதியிருக்கிறான். அதற்கு எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற படத்தில், பேரக்குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார். அந்தக் குழந்தைக்குக் குட்டியின் வயதுதான் இருக்கும்.

இவர், "நாலு நாள்ல அடுத்த சண்டைக்குப் போயிடுவாங்க, விடு" என்கிறார். என்னால் விட முடியவில்லை. கதவு சத்தம் கேட்டாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

படத்தை எடுத்துவிடு. செய்தி இருக்கட்டும். புதுக் காற்றரசி வரட்டும், முதல் ஆளாகப் போய் வாங்குவேன். குட்டியை மட்டும் எடுத்துவிடு. "போடு" என்று சொன்னவள் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதே வாயால்தான் இப்போது கேட்கிறேன்.

ஒல்லி


மே 25

அன்பு ஒல்லி,

நீ கேட்டு நான் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. இதற்கும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறு என்று மட்டும் கேட்கிறேன்.

இன்றைக்குப் படத்தை எடுத்தால், நாளைக்கு "பாத்தீங்களா, விரட்டிட்டோம்" என்று கொக்கரிப்பார்கள். அந்த வெள்ளையடித்த படத்தைப் போட்டவனை அப்போதே வெளியே தள்ளிவிட்டேன். சோறு தண்ணி இல்லாமல் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு வருகிறதை உனக்குக் காட்டினால் நீ தூங்க மாட்டாய். என் கண்ணாடி, என் பல், எனக்குக் கல்யாணம் ஆகாதது, எதையும் விட்டுவைக்கவில்லை. பழகிவிட்டது.

ஆனால் வேறு மாதிரியும் வருகிறது. ஒரு பெண் எழுதியிருக்கிறாள், "என் தங்கச்சி அந்தப் பாப்பா படத்தை பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்கா, தினமும் அதே மாதிரி இடுப்புல கை வச்சு நின்னு பாக்கறா" என்று. அந்தத் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வது? நமக்கு அந்த வயதில் இப்படி ஒரு படம் கிடைத்திருந்தால் பொய்ப் பெயரில் எழுதியிருப்போமா?

அட்டைப்படம் வரட்டும். வந்ததும் மாற்றிவிடுகிறேன். என்மேல் கோபப்படாதே.

உன்
புட்டி


ஜூன் 14

புட்டி,

அட்டைப்படம் வந்துவிட்டது. நீ அதைக் குட்டிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறாய். குட்டியும் இருக்கிறாள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பெரிய வகுப்புப் பையன்கள் அந்த வெள்ளை முகப் படத்தை அச்செடுத்துத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். நீ வெளியே தள்ளினாய், அது வேறு வாசல் வழியாக இங்கே வந்துவிட்டது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஏன் மேடம் பிள்ளை போட்டோவை எல்லாம் வெளிய விடறீங்க?" என்றார். கிழித்து மடித்து என் கையில் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டு வந்தேன், எங்கே எறிவது என்று தெரியவில்லை.

குட்டி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நேற்று மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். காற்றரசி விளையாட்டுதான். எதிர்வீட்டுப் பெண் காற்றரசி, இவள் கல்பூதம். "ஏண்டி, நீதானே எப்பவும் காற்றரசி?" என்று கேட்டேன். "வேணாம்மா. நான் பூதம்தான். பூதம் எந்தக் கலர்ல இருந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடி வாங்கப் போய் நின்றாள்.

இன்னொன்று. இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். நீ போட்டோ அனுப்பிய அன்று, போடு என்று எழுதுவதற்கு முன்னால், போனில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன். கொஞ்சம் ஏற்றினேன், இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். குட்டி சிவப்பாகத் தெரிந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு நானே பயந்து பழையபடி வைத்துவிட்டேன். அந்தப் பாவி செய்ததை அவனுக்கு முன்னால் பெற்றவள் நான் செய்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். எடுத்துவிடு.

ஒல்லி


ஜூன் 17

என் ஒல்லி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். படத்தை எடுத்துவிட்டேன். முன்பே எடுத்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

எடுத்தபிறகு அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஏன் எடுத்தேன் என்று சொல்லாமல் விட்டால் அவர்கள் விரட்டினதாகவே ஆகிவிடும். நானும் ஏதேதோ எழுதி எழுதி அடித்தேன். எதுவும் உன் கடிதத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கடைசியில் அதையே போட்டுவிட்டேன். "ஒரு தாய் எழுதுகிறாள்" என்று தலைப்பு. பெயர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நீ எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை, தொடவும் மனசு வரவில்லை.

என்ன நடந்திருக்கிறது தெரியுமா? திட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வாயை மூடிவிட்டார்கள். இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். நான் பத்து வருஷமாக எழுதிச் செய்ய முடியாததை உன் கடிதம் ஒரு ராத்திரியில் செய்துவிட்டது. பதிப்பகத்தில் கேட்டார்கள், புதுக் காற்றரசியின் முதல் இதழில் முதல் பக்கத்தில் போட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். வாசகர் கடிதம் என்று கடைசிப் பக்கத்தில் கிடந்தவர்கள் நாம். இப்போது முதல் பக்கம்டி.

உன்
புட்டி


ஜூன் 17

எடு.

நான் வெளிச்சத்தை ஏற்றியது அதில் இருக்கிறது. குட்டி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கடைப் பலகை, பஸ் நம்பர், மருந்துச் சீட்டு, எதையும் விடுவதில்லை. பதிப்பகத்துக்கும் இப்போதே போன் பண்ணு.


ஜூன் 24

அன்புள்ள ஒல்லி,

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். என் பக்கத்திலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் பலர் அதைத் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் நல்லவர்கள், நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள். எழுதி எழுதிக் கேட்கிறேன், சிலர் எடுக்கிறார்கள். பதிப்பகத்தில் அச்சு ஏறிவிட்டது என்கிறார்கள். அங்கே போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். டீ கொடுத்தார்கள்.

நீ வெளிச்சத்தை ஏற்றியதைச் சொன்ன அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உன்மேல் பாசம்தான் பொங்கியது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். குட்டியை நான் யோசிக்கவில்லை. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டே அவளை யோசிக்கவில்லை.

திட்டியாவது எழுது. குட்டி எப்படி இருக்கிறாள்? அதை மட்டுமாவது ஒரு வரி சொல்.

புட்டி


ஜூலை 9

அன்புள்ள புட்டிக்கு,

இதழ் கடைக்கு வந்துவிட்டது. நன்றாக வரைந்திருக்கிறார்கள். கடையிலேயே நின்று பார்த்துவிட்டு வைத்துவிட்டேன், வாங்கவில்லை.

எங்கள் டாக்டர் அவர் பையனுக்கு வாங்கியிருக்கிறார். இடைவேளையில் முதல் பக்கத்தை எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர், "எல்லாம் சரி, ஆனா என்ன பொம்பளைம்மா இவ? பெத்த பிள்ளையையே வெளுப்பாக்கிப் பாத்திருக்கா" என்றார். "ஆமா டாக்டர்" என்றேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

குட்டி இன்னும் அதைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கடை வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வருகிறோம். என்றைக்காவது பார்ப்பாள். அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அது என் பாடு, அதற்கு உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நீ கெட்டவள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். இனி எதை எழுதினாலும் இதைப் புட்டி என்ன செய்வாள் என்று யோசிக்க வேண்டும். யோசித்து யோசித்து எழுதுகிறதை உனக்கு எழுத எனக்குத் தெரியாது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

குட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று சொன்னாள். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முன்பு என்றால் தட்டைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து உனக்கு எழுதியிருப்பேன்.

எழுதவில்லை.

இப்படிக்கு,
அவள் அம்மா