ஓரத்துண்டு

அயோவா, ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அம்மாவின் கை இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது. அதனால் இன்று மீட்லோஃப் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

ரொட்டி போல நீளமாகப் பிடித்துச் சுட, கொத்துக்கறியில் ஓட்ஸும் முட்டையும் போட்டுப் பிசைந்தேன். நாற்காலியில் இருந்தபடியே அம்மா, "ஏங்க, இப்படி அழுத்திப் பிசைஞ்சா கல்லாட்டம் வேகும். எதையும் விட்டுப் பிடிக்கவே தெரியாதா உங்களுக்கு?" என்றாள். நிமிர்ந்தேன். அவள் கறியைப் பார்க்கவில்லை. சுவரில் உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உருளைக்கிழங்கை மட்டும் ஆத்திரம் தீர மசித்தேன்.

மேலே தடவிய கெட்சப் கருகிய ஓரத்துண்டுக்கு நீ சண்டை போடுவாயே. நீ அந்த லாரிக்காரனோடு போன பிறகு அதை யாரும் தொடுவதில்லை. இன்று வெட்டும்போதுதான் உறைத்தது, மீட்லோஃபுக்கு ஓரம் இரண்டு.

அடுத்த ஞாயிறும் நான்தான் சமைக்கிறேன். மாப்பிள்ளை ஓரத்துண்டு சாப்பிடுவாரா?

உன் அப்பா