எண்ணூரில் வாடை

நவம்பர் 2001, செவ்வாய் இரவு

எங்கள் பத்திரிகையில் எண்ணூர் செய்திகளை எழுதிவந்த செல்வராஜை இன்று காலை விளம்பரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவற்றை இனி நான்தான் பார்க்க வேண்டும்.

போன வாரம் அவர் "தொழிற்சாலையில் வாயுக் கசிவு" என்று எழுதிய தலைப்பை, புதிதாக வந்த ஆசிரியர் "எண்ணூரில் வாடை" என்று திருத்திவிட்டார். கசிவு என்றால் ஜனங்கள் பயப்படுவார்களாம். பயப்படட்டும் என்றுதானே எழுதுகிறோம்.

மத்தியானம், எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கத்தில் மீன் விற்கும் தேசம்மா அந்தப் பேப்பரோடு ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா சார், வாடைன்னு போட்டுக்கீறீங்க. மழை நாள்ல அடிக்கிற வாடக்காத்துதானேன்னு கதவத் தொறந்துபோட்டுப் படுத்தோம். எங்க வூட்டுக்காரு இன்னும் மூச்சு வுட முடியாம ஆஸ்பத்திரில கீறாரு."

குரலை உயர்த்தவே இல்லை. செல்வராஜ் தலை நிமிராமல் விளம்பரத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். படித்தார். "விளம்பரப் பிரிவுல இன்னொரு நாற்காலியும் காலியாத்தான் இருக்கு" என்றார், சிரித்துக்கொண்டே.

நாளைக்கு என்ன தலைப்பு கொடுப்பது என்று தெரியவில்லை. வடக்கே எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வருகிறது. ஜன்னலைச் சாத்தியும் கண் எரிகிறது.

வாடைக்குக் கண் எரியாது.