லேமினேஷன் போட்ட பட்டம்

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா கடையில் உட்கார்ந்து சொந்தக் கையால் எழுதுவது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. உன் அத்தை என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள். நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். போன வாரம் நகல் எடுக்க வந்த ஒரு டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு முப்பது வயசுக்கு மேல சொல்ல முடியாதே என்று அசந்து போனார். அவர் பிடித்தது பேனாவை, உங்க கையை இல்லை என்கிறாள் உன் அத்தை. அவளுக்கு வைத்தியம் தெரியாது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அது தாளாகத்தான் திரும்பி வர வேண்டும், உன் கையெழுத்து மையில் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, போனில் நான் ஆரம்பித்தால் பேச்சு எங்கேயோ ஏறிப் போய்விடுகிறது. அதை இறக்கிக்கொண்டு வருவதற்குள் வேலைக்கு நேரமாச்சு மாமா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் வைக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் சித்தப்பாவுக்கு நீ நீளநீளமாக மின்னஞ்சல் எழுதுவது எனக்குத் தெரியும். எனக்கு வருவது, சாப்பிட்டீங்களா மாமா, மாத்திரை போட்டீங்களா மாமா. ஆக இரண்டு வரி. குறை சொல்லவில்லை. அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷில் கோபப்படக்கூடத் தெரிந்தவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று முடிவெடுத்தவன். ஆனால் நாலு மாசம் முன்னால் அவர் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உன் மின்னஞ்சலை வரிவரியாகப் படித்துக் காட்டினார் பார், அப்போது எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

நீ போயிருக்கிற நாட்டில் வெளிநாட்டு ஆசிரியர் வகுப்பெடுக்க வேண்டுமானால் பதினோரு காகிதம் வேண்டுமாம். பட்டச் சான்றிதழின் அசல், அதன் பின்பக்கம் நம் அரசாங்கத்தின் முத்திரை. மதிப்பெண் பட்டியல், அதுவும் பல்கலைக்கழகமே உறையில் போட்டு ஒட்டியது. பயிற்சிக் கல்லூரியில் எத்தனை நாள் மேற்பார்வையில் பாடம் நடத்தினாய் என்று ஒரு கடிதம். வேலை பார்த்த பள்ளியிலிருந்து நன்னடத்தைச் சான்று. போலீஸ் சான்று. அப்புறம் உனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று ஒரு பரீட்சை. ஆறு வருஷம் இங்கிலீஷில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது என்ன கூத்து என்று நான் சத்தம் போட்டேன். எல்லாருக்கும் ஒரே விதிதான் மச்சான் என்று உன் சித்தப்பா என்னவோ அவரே அந்த விதியை எழுதியதுபோல் சொன்னார்.

இவ்வளவும் சேர்த்து அவர்கள் பதிவு செய்கிற வரைக்கும் உன்னை வகுப்பில் உதவியாள் என்றுதான் வைத்திருக்கிறார்களாம். பிள்ளைகள் வண்ணம் தீட்டிய மேசையைத் துடைக்கிறாயாம். பக்கத்தில் இருக்கிற குழந்தை ஒரு கணக்குக் கேட்டால்கூட நீ சொல்லக் கூடாதாம், அந்த ஊர் டீச்சரைக் கூப்பிட வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து முகம் தெரியாத அந்த டீச்சர் மேலும் எனக்குப் பொறாமை. உன்னைவிட அவள் என்ன பெரிதாகச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. போலீஸ் சான்று வந்தது யாரால்? உன்னைப் பற்றி விசாரிக்கக் காவலர் தேடி வந்தது இந்தக் கடைக்குத்தான், உன் சித்தப்பா வீட்டுக்கு இல்லை. அவருக்கு நாற்காலி போட்டு, நீ மூன்று வயதில் வாய்ப்பாடு ஒப்பித்தது, நாலாம் வகுப்பில் வாத்தியாரின் கணக்கையே திருத்தியது, கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியது எல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். பதக்கம் நீ வாங்கவில்லைதான். கொடுத்திருக்க வேண்டியது. அந்தப் பொண்ணு மேல கேஸ் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சார், எனக்கு இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கு என்று அவர் மூன்றாம் தடவை கேட்டபோதுதான், இல்லை என்றேன்.

இனிமேல்தான் விஷயம்.

பட்டம் வாங்கிய அன்று நீ நேராகக் கடைக்குத்தான் வந்தாய். உன் அம்மாவிடம் நீ பேசிக்கொண்டு நின்ற நேரத்தில், இருப்பதிலேயே தடிமனான உறை எடுத்து, மெஷினை நன்றாகச் சூடாக்கி, ஒரு குமிழி இல்லாமல் லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். இனி நூறு வருஷத்துக்கு அசையாது, தண்ணீரில் போட்டாலும் மிதக்கும் என்றேன். நீ அதை முன்னும் பின்னும் திருப்பி, ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாய். அப்புறம் நல்லா இருக்கு மாமா என்றாய். சந்தோஷத்தில் உனக்குப் பேச்சே வரவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அரசாங்க முத்திரைக்காக அந்தச் சான்றிதழை நீ திருப்பி அனுப்பினாயே, அதை உன் சித்தப்பா முகவரிக்கு அனுப்பினாய். அதற்கே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பத்து வருஷம் கையெழுத்துப் போட்டவன் நான். உன் அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் குட்டை நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தவன் நான். அந்த வருஷங்களில் உன் சித்தப்பா மாற்றல் மேல் மாற்றலாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அது அவர் தப்பில்லை. இருந்தாலும் ஓய்வு பெற்று வந்ததும் வராததுமாக முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

சரி. அவர் அதை எடுத்துக்கொண்டு முத்திரை வாங்கப் போனார். பிளாஸ்டிக் மேல முத்திரை ஒட்டாது, லேமினேஷன் போட்ட அசலை நாங்க வாங்கறதே இல்லை, பிரிச்சு எடுத்துட்டு வாங்க என்று ஜன்னல் வழியாகவே திருப்பிவிட்டார்களாம். அவர் என் கடைக்கு வந்து, மச்சான், இதைப் பிரிக்க முடியுமா, முடியாதுன்னா விட்டுடுவோம், பல்கலைக்கழகத்துல கேட்டுப் பார்க்கலாம் என்றார். அங்கேயே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இந்த மாதிரி ஆயிரம் பிரித்திருக்கிறேன் என்றேன். நிஜத்தில் ஒரு நூலக அட்டை பிரித்திருக்கிறேன். அதுவும் சரியாக வரவில்லை.

இஸ்திரிப் பெட்டியை மிதமாகச் சூடாக்கி, மேலே துணி போட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தேன். முதல் இரண்டு விரற்கடை அழகாக வந்தது. பார்த்தீங்களா என்று அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் துணைவேந்தர் கையெழுத்தும் முத்திரையும் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிட்டன. தாளில் உன் பெயர் பாதி நின்றது.

உன் சித்தப்பா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். இரண்டு துண்டையும் ஒரு கோப்பில் வைத்தார். நீங்க தண்ணி குடிங்க மச்சான் என்றார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. நீ எனக்குப் போன் செய்தபோதெல்லாம் இதைக் கேட்பாய் என்று பயந்து, மழை, அத்தை, மெஷின் என்று வாய் மூடாமல் பேசினேன். நீ கேட்கவே இல்லை. பிறகுதான் உன் அம்மா சொன்னாள், பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் தாமதம் என்று மட்டும்தான் அவர் உனக்கு எழுதியிருக்கிறாராம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. படித்தவர், பொறுமையானவர் என்பதோடு நல்லவராகவும் இருந்து தொலைக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை இரண்டு பேரும் பல்கலைக்கழகம் போனோம். வரிசையில் நானூறு பேர் இருந்தார்கள். சரி, நாற்பது. கூண்டுக்குள் இருந்த அம்மா சொன்னார், மாற்றுச் சான்றிதழ் வேணும்னா அசல் எப்படிக் கெட்டுச்சுன்னு உறுதிமொழிப் பத்திரம் வேணும், கெடுத்தவரே எழுதி, வக்கீல் முன்னால கையெழுத்துப் போட்டிருக்கணும் என்று. வாசலில் ஒரு வக்கீல் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் எழுதிக்கொண்டு வந்தேன். கடை மேல் இடி விழுந்தது என்று எழுதினேன். இடி விழுந்துச்சுன்னா தீயணைப்பு நிலையத்துச் சான்று இணைக்கணும் என்று அந்த அம்மா தாளைத் திருப்பி நீட்டினார். மறுபடி போய், கடையில் கூட்டம் நெருக்கியதில் கிழிந்தது என்று எழுதினேன். யார் கை பட்டுச்சுன்னு பேர் போடுங்க என்றார். மூன்றாவது தடவை, மெஷின் கோளாறு என்று எழுதினேன். மெஷின் கையெழுத்துப் போடாதுங்க, ஆள் வேணும் என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாலாவது தடவை மரத்தடிக்குப் போனபோது வக்கீல் முத்திரையை உறையில் போட்டுவிட்டு, தாத்தா நீங்க யோசிச்சிட்டு வாங்க என்றார். தாத்தாவாம்.

நான் ஜன்னலுக்குத் திரும்பி வந்ததும் உன் சித்தப்பா பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டிலேயே தட்டச்சு செய்துகொண்டு வந்திருந்தார். சான்றிதழ் தன் பாதுகாப்பில் இருந்தபோது தண்ணீர் பட்டுச் சேதமாகிவிட்டது, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று அதில் இருந்தது. அந்த அம்மா படித்துவிட்டு, இது ஒழுங்கா இருக்கு, இவரே கையெழுத்துப் போடட்டுமே என்றார். உன் சித்தப்பா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பாப்பா, எனக்குள் என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. உன் மின்னஞ்சலை அவர் எடுத்துக்கொண்டார். சான்றிதழ் அவர் வீட்டுக்குப் போனது. உன் வேலையெல்லாம் அவர் கைக்குப் போய்விட்டது. கடைசியில் நான் செய்த தப்பையும் அவரே எடுத்துக்கொண்டால் எனக்கு உன்னிடம் என்ன மிச்சம்? அந்தப் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னல் கட்டையிலேயே ஒரு தாளை வைத்து எழுதினேன். என் தங்கை மகளின் பட்டச் சான்றிதழை யாரும் கேட்காமல் நானே பிளாஸ்டிக் உறையில் போட்டேன். அதைப் பிரிக்கத் தெரியாமலே தெரியும் என்று சொல்லி நானே பிரித்துக் கெடுத்தேன். இதில் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மூன்றே வரி. நான் எழுதியதிலேயே சின்னது அதுதான்.

வக்கீல் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். அந்த அம்மா படித்துவிட்டு, இதை முதல்லயே எழுதியிருக்கலாமே என்றார். உன் சித்தப்பா தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது, இதை அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க மச்சான், நான் சொன்னா நல்லா இருக்காது என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். நான்தான் கெடுத்தேன். உன்னிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

இனிப் படிவத்தைப் பற்றி. நீ கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடத்தில் பென்சிலால் லேசாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். கறுப்பு மையில் போடு, மடிக்காமல் அனுப்பு. அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் இங்கே வந்தால், மாற்றுச் சான்றிதழ் மூன்று வாரத்தில் கிடைக்கும், முத்திரைக்கு ஒரு வாரம், உன் பள்ளி திறப்பதற்கு நாலு நாள் முன்னால் உன் கைக்கு வந்துவிடும் என்று உன் சித்தப்பா நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அதுவரைக்கும்தான் கணக்கு டீச்சர் இடத்தை உனக்காக வைத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஒரு நாள்கூடத் தள்ளாதே.

படிவத்தின் கடைசியில், சான்றிதழை நேரில் பெற்றுக்கொள்பவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பெயர்தான் எழுதலாம். மூன்று நாளாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பென்சிலில் என் பெயரை ஒரு முறை எழுதியும் பார்த்தேன். தாளைச் சாய்த்துப் பார்த்தால் அழித்த தடம் தெரியும், தப்பாக நினைக்காதே. வாங்கியவரேதான் முத்திரை வாங்கும் இடத்துக்கும் போக வேண்டுமாம். அங்கே எல்லாம் இங்கிலீஷில் கேட்பார்கள். நான் போனால் ஏதாவது சொல்லி வைப்பேன். உன் சித்தப்பா பெயரையே எழுது. முழுப் பெயராக எழுது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவருக்கு நீ எழுதும்போது ஒரு வரி சேர்த்து எழுது. புதுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் நேராக முத்திரைக்குப் போகாமல் வழியில் கடைக்கு ஒரு நிமிஷம் வரச் சொல். அன்றைக்கு மெஷின் போடமாட்டேன், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை என் கையில் கொடுக்கட்டும். உன் பெயரை முழுசாகப் படித்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா