இரண்டாம் குரல் கொஞ்சம் வலப்பக்கம்

இன்று காலை கணினித் திரையில் நீயும் நானும் மோதிக்கொண்டோம். திருநாளுக்கு நம் பாடகர் குழு பாடும் மாதா பாட்டை இசைக்குறிப்பாக அடித்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு உன் இரண்டாம் குரலைப் பாட ஆளில்லை. அதை யாரும் எழுதி வைக்கவுமில்லை. என் போனில் கிடந்த பழைய ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சுரமாக ஏற்றினேன். மூன்றாம் அடியில் உன் சுரமும் என் சுரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கறுப்புத் திட்டாகக் கிடந்தன.

கீபோர்ட் வாசிக்கும் தம்பிக்குப் படம் அனுப்பினேன். “அக்கா, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துச் சுரம், அதுதான் முட்டுது. இரண்டாம் குரலை ஒண்டு கீழ இறக்கிவிடுங்கோ, வடிவாயிருக்கும்” என்றார். இறக்கினால் பிள்ளைகள் இனி அப்படியே பாடுவார்கள். அந்த இடத்திலும் நீ இல்லாமல் போவாய். எனக்கு மனம் வரவில்லை.

முதன்முதலில் நீ அதைப் பாடியபோது முழங்கையால் உன்னை இடித்தேனே! “என்னடி, பிழையாப் பிடிக்கிறாய்?”

“பிழையில்லையடி. கொஞ்சம் பொறன், இறங்குவன்.”

பொறுத்தேன். இரண்டு குரலும் உரசியதில் என் இடது காது எஞ்சின் போட்ட வள்ளத்தின் பலகைபோல் அதிர்ந்தது. பிறகு நீ ஒரு படி இறங்கினாய். அம்மாடி, அந்த ஆறுதலை எப்படிச் சொல்வேன்! கோயிலின் கடைசி வாங்கில் தூங்கி வழிந்த, ஊர் வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார்கூட நிமிர்ந்து பார்த்தார்.

மென்பொருளைத் துருவினேன். சுரத்தைப் பக்கவாட்டில் நகர்த்த ஒரு சிறு கட்டம் இருந்தது. உன்னுடையதைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினேன். இரண்டும் ஒட்டினாற்போல், ஆனால் தனித்தனியாகத் தெரிந்தன. உடனே பயம் பிடித்தது. தள்ளி வைத்தால் பிந்தி ஒலிக்குமோ? நீ ஒருநாளும் பிந்திப் பாடியவள் இல்லை. ஒலிக்கவிட்டுக் கேட்டேன். பிந்தவில்லை! தாளில் தள்ளி நிற்கிறாய். பாட்டில் என்னோடு அதே கணத்தில் நிற்கிறாய். எந்த மூளைக்கு இது உதித்ததோ! வாயைப் பிளந்தபடி எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது.

அதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன்.

பின்னேரம் பயிற்சி. அந்த இடம் வந்ததும், உன் இடத்தில் புதிதாக நின்ற பிள்ளை பாடிக்கொண்டே பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் என் சுரத்தைவிட்டு அசையவில்லை. அவள் பொறுத்தாள், பிறகு இறங்கினாள். இதை எழுதும்போதும் என் இடது காது அதிர்கிறது.